முனியப்பன் மீசையைப் பார்த்துப் பயந்தவர்கள்

தருமபுரியிலிருந்து ஓசூருக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் நண்பருக்கு ஒரு அர்பன் ஃபேன்டஸி நாவல் கொடுத்தேன். பஸ்ஸும் போலீஸும் வாடகை வீடும் இருக்கிற இன்றைய நகரத்திலேயே தேவதைகளும் மந்திரவாதிகளும் நடமாடும் கதை வகை அது. "பேய் இல்ல, ரத்தம் இல்ல, தைரியமா படிங்க" என்று வேறு சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. "ரத்தம் இல்லதாங்க. ஆனா கதையில ஒருத்தரையும் நம்ப முடியலையே, தூக்கமே வரல."

தவறு என்னுடையது. பிணத்தையும் ரத்தத்தையும் எண்ணி இது இருண்ட கதை, இது இதமான கதை என்று பிரித்திருந்தேன். நம்ம ஊர்க்காரன் இந்தத் தவறைச் செய்யவே கூடாது. பென்னாகரம் பக்கம் முனியப்பனைப் பாருங்கள். உருட்டிய விழி, முறுக்கிய மீசை, கையில் அரிவாள். ஆனால் புது வண்டி வாங்கினால் அவரிடம்தான் ஓட்டிப் போகிறோம், குழந்தையை அவர் காலடியில்தான் கிடத்துகிறோம். பயங்கரமாக இருப்பது வேறு, பயமுறுத்துவது வேறு. கதையிலும் அப்படித்தான். கோரைப்பல் உள்ளவன் காவலாக நிற்கலாம், சிரித்துப் பேசும் பக்கத்து வீட்டுக்காரர் கழுத்தை அறுக்கலாம். கடைசிப் பக்கத்தை மூடும்போது கதை நம்மை வீட்டில் கொண்டுவந்து விடுகிறதா, நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, ஆளைப் பார்த்து ருசியை முடிவு செய்வது. ஓய்வு பெற்ற என் அத்தைக்கு இதமான கதையாகத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். "என்னப்பா இது, எல்லாரும் டீ குடிச்சிட்டே இருக்காங்க, ஒண்ணுமே நடக்கலையே" என்றார். இப்போது அவர் கேட்பதெல்லாம் கொலையும் சாபமும்தான். தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டும் இன்னொருவர் நேர் எதிர். விபத்தை ரோட்டிலேயே பார்க்கிறவருக்குப் புத்தகத்திலும் எதற்கு? டீக்கடை நடத்தும் சூனியக்காரி கதை என்றால் விடவே மாட்டார். அதைச் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று கிண்டல் செய்கிற ஆட்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

சஸ்பென்ஸ் போய்விடும் என்று எதையும் சொல்லாமல் கொடுப்பதும் வேண்டாம். குழந்தை சாகிறதா, நாய் சாகிறதா, வன்புணர்வு வருகிறதா என்று ஒரு வரி சொன்னால் கதை ஒன்றும் கெட்டுப்போகாது. அட்டைப்படத்தை நம்ப வேண்டாம். தொடர் நாவல் என்றால் முதல் பாகத்தை மட்டும் வைத்துச் சொல்லவும் வேண்டாம், போகப் போக நிறம் மாறும்.

அப்புறம் அந்த ஓசூர் நண்பருக்கு பென் ஆரோனோவிச்சின் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' கொடுத்தேன். 2011-இல் வந்தது. தேம்ஸ் நதி ஒரு அம்மாவாக வருவாள், இளம் போலீஸ்காரன் ஒருவன் மந்திரம் கற்றுக்கொள்வான். "ஆரம்பத்திலேயே தலையில்லாத பிணம் இருக்கு, சில பேருக்கு முகம் சிதையும். ஆனா கதை சொல்ற பையன் வாய் சும்மா இருக்காது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மறுநாள் காலை மெசேஜ் வந்தது: "பாலக்கோடு தாண்டியாச்சு. பக்கத்து சீட்காரர் ஏன் சிரிக்கிறீங்கன்னு கேக்குறாரு. பிணத்தைப் பத்தின்னு எப்படிங்க சொல்றது?"