வெள்ளச் சமவெளிக் குட்டையில் மிதவையுயிரிகளை எண்ணுவது எப்படி?

ஆறு கரை தாண்டிப் பக்கத்துத் தாழ்நிலக் குட்டைக்குள் புகுந்த பிறகு நான் எடுத்த முதல் மாதிரியில் லிட்டருக்கு இருந்த மிதவையுயிரிகள், அதாவது நீரில் மிதந்து வாழும் நுண்ணிய விலங்குகள், பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன. வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அந்த முடிவு தவறு. ஏன் என்பதைப் படி 3-இல் விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: எப்போது எடுப்பது

வெள்ளத்துக்கு முன், நீர் ஏறும்போது, உச்சத்தில், வடியும்போது, குட்டை ஆற்றிலிருந்து துண்டான பின் என்று ஐந்து முறையாவது எடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே நேரம். பல ஓட்டுடலிகள் (இறால், நண்டின் நுண்ணிய உறவினர்கள்) பகலில் ஆழத்திலும் இரவில் மேற்பரப்பிலும் இருக்கும் என்பதால் நேரம் மாறினால் கணக்கும் மாறிவிடும்.

படி 2: வடிகட்டுவது

50 மைக்ரான் கண்ணளவுள்ள வலைதான் வேண்டும் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 150 மைக்ரான் வலையில் ரோட்டிஃபெர்கள் என்ற மிகச் சிறிய உயிரிகள் நழுவிவிடும். வெள்ளக் காலத்தில் முக்கியமானவையே அவைதான். வலையை இழுப்பதைவிட வாளியால் மொண்டு ஊற்றுவதே எனக்குப் பிடிக்கும், எத்தனை லிட்டர் வடிகட்டினோம் என்பதில் சந்தேகமே இருக்காது. 10 லிட்டர் வாளியில் 5 முறை போதும்.

கெடாமல் வைக்கும் மருந்தை ஊற்றும் முன் கொஞ்சம் சோடாத் தண்ணீர் சேர்த்து உயிரிகளை மயக்குங்கள். இல்லாவிட்டால் ரோட்டிஃபெர்கள் உடலைச் சுருக்கிக்கொண்டு அடையாளமே தெரியாமல் போகும். அந்த மருந்து ஃபார்மலின் என்றால் சர்க்கரையும் கலந்துகொள்ளுங்கள். கலக்காவிட்டால் கிளாடோசெராக்களின் (நீர்த்தெள்ளுகளின்) ஓடு உப்பி, உள்ளே இருக்கும் முட்டைகள் சிதறிவிடும்.

படி 3: கணக்கு

50 லிட்டரை வடிகட்டி 50 மில்லியாகச் சுருக்கி, அதில் 1 மில்லியில் 40 எண்ணினால் லிட்டருக்கு 40 உயிரிகள். இதுவரை சுலபம். வெள்ளத்தில் அதே குட்டையில் லிட்டருக்கு 10 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முக்கால்வாசி போய்விட்டதா? குட்டையின் பரப்பு 3 மடங்கு, ஆழம் 2 மடங்கு ஆகியிருந்தால் மொத்த நீர் 6 மடங்கு. அப்படியானால் மொத்த உயிரிகள் ஒன்றரை மடங்காகக் கூடியிருக்கின்றன! லிட்டர் கணக்கில் நாம் பார்த்தது நீர்த்துப்போனதைத்தான். நான் அன்று ஆழத்தை அளக்கவே இல்லை. அளவுகோலும் கரையோரம் நட ஒரு குச்சியும் இல்லாமல் களத்துக்குப் போகாதீர்கள்.

படி 4: யார் இருக்கிறார்கள்

எண்ணிக்கையோடு நீர் எத்தனை நாள் தேங்கி நின்றது என்பதையும் எழுதுங்கள். ரோட்டிஃபெர்கள் சில நாட்களிலேயே அடுத்த தலைமுறையைப் போட்டுவிடும், அதனால் ஓட்டம் உள்ள நீரிலும் தாக்குப்பிடிக்கும். கிளாடோசெராக்களுக்கு இன்னும் அமைதியான நாட்கள் வேண்டும். நாப்ளியஸ் என்ற இளம்பருவத்திலேயே ஆறு கட்டங்கள் உள்ள கோப்பிபாடுகள் (இன்னொரு வகை ஓட்டுடலிகள்) அதைவிட மெதுவாகத்தான் வளரும். வடியும் காலத்தில் மீன்குஞ்சுகள் குறுகிய நீரில் நெருங்கி, பெரிய உயிரிகளைத்தான் முதலில் தின்னும்.

பல குட்டைகளை ஒப்பிடுவதென்றால் உச்ச வெள்ளத்தில் எடுத்த மாதிரி மட்டும் போதாது. நீர் எல்லாவற்றையும் இணைத்துவிடுவதால் அவை ஒன்றுபோலவே தெரியும். வெள்ளம் வாழிடங்களின் ஒற்றுமையைக் கூட்டுகிறது என்று தாமஸ், பினி, போசெல்லி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2007-இல் எழுதியது இதைத்தான். வடிந்து துண்டான பிறகு ஒவ்வொரு குட்டையும் தன் வழியில் பிரியும்.

பின்சேர்க்கை

சேற்று நீரில் வலை அடைத்துக்கொள்கிறது என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். 20 லிட்டரோடு நிறுத்துங்கள், வலையைப் பிழியாதீர்கள், வெளிப்புறத்திலிருந்து நீர் தெளித்துக் கழுவுங்கள். ரோஸ் பெங்கால் சாயம் சில துளி விட்டால் வண்டலுக்கு நடுவே உயிரிகள் இளஞ்சிவப்பாகத் தெரியும்.

வெள்ளத்துக்கு முன்பே குட்டை காய்ந்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டார்கள். ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணை எடுத்து, 50 மைக்ரானில் வடிகட்டிய நீரில் போட்டு, மண்ணில் உறங்கும் முட்டைகள் பொரிகின்றனவா என்று தினமும் பாருங்கள். டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளின் உறங்குமுட்டைப் பை சின்னக் குதிரைச்சேணம் போலக் கறுப்பாக மிதக்கும். அதை முதலில் குப்பை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.