சி கோப்பும் சி++ கோப்பும் இணைய மறுத்தபோது

பழைய சி கோப்பு ஒன்றைப் புதிய சி++ நிரலோடு சேர்த்தபோது, இரண்டும் தனித்தனியே பிழையின்றி கம்பைல் ஆகியும், அவற்றை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் மட்டும் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ (தேடிய பெயரின் வரையறை கிடைக்கவில்லை) என்று நின்றுவிட்டது. இந்தப் பிழைக்கு மூல நிரலைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட கம்பைலர் உருவாக்கிய ஆப்ஜெக்ட் கோப்புகளைப் பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஆப்ஜெக்ட் கோப்பில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் ‘என்எம்’ கருவியை ஓட்டினேன். சி கோப்பில், லிங்கர் கிடைக்கவில்லை என்ற ஃபங்ஷனின் பெயர், இங்கே வரையறுக்கப்பட்டுள்ளது என்பதைக் காட்டும் ‘டி’ குறியோடு, எழுதியபடியே இருந்தது. சி++ கோப்பிலோ, வெளியே தேடப்படுவதைக் காட்டும் ‘யு’ குறியோடு, முன்னால் அடிக்கோடும் ‘இசட்’ எழுத்தும், பின்னால் உள்ளீடுகளின் வகையைக் குறிக்கும் எழுத்துகளும் ஒட்டிய வேறொரு பெயர் இருந்தது. ஒரே பெயரில் பல ஃபங்ஷன்களை அனுமதிக்க வேண்டியிருப்பதால் சி++ கம்பைலர் பெயர்களை இப்படி மாற்றுகிறது. சி கம்பைலர் மாற்றுவதில்லை.

அந்த ஃபங்ஷன்களை இரு பக்கமும் அறிவிக்கும் ஹெட்டர் கோப்பின் அறிவிப்புகளை, பெயர்களை மாற்றாதே என்று சி++ கம்பைலருக்குச் சொல்லும் ‘எக்ஸ்டர்ன் சி’ தொகுதிக்குள் வைத்தேன். அந்த வடிவத்தை சி கம்பைலர் ஏற்காது என்பதால், சி++ கம்பைலருக்கு மட்டும் தென்படுமாறு அதை ‘இஃப்டெஃப்’ நிபந்தனைக்குள் அடைத்தேன்.

அதன்பின், ஆப்ஜெக்ட் கோப்புகளின் தொகுப்பான ஸ்டாட்டிக் லைப்ரரியில் உள்ள ஒரு பெயர் மட்டும் கிடைக்கவில்லை. க்னூ லிங்கர் கட்டளை வரியை இடமிருந்து வலமாக வாசித்து, அதுவரை தேடப்பட்ட பெயர்களுக்கு உரியவற்றை மட்டுமே லைப்ரரியிலிருந்து எடுக்கும். ஆகவே லைப்ரரியை வரியின் கடைசிக்கு நகர்த்தியதும் நிரல் இணைந்தது.