குற்றவியலோடு ஒரு வெளிநாட்டு மொழியும் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் தன் ஆய்வுக் கட்டுரையின் வரைவைக் கொண்டுவந்தார். மெக்சிகோவில் நடக்கும் கொலைகளைப் பற்றியது. குற்றவியலோடு ஸ்பானிஷை விருப்பப் பாடமாக எடுத்தவர் என்பதால், புள்ளிவிவரத்தை மூல மொழியிலேயே தேடி எடுத்திருந்தார். மூன்றாம் பக்கத்து வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் மாணவனாக இருந்தபோது வரைந்த அதே படம், அதே தவறு. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். வகுப்புக்குப் போங்கள், கட்டுரையைக் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரை வைத்து முடிவு செய்வது

தமிழில் கிரிமினல் சட்டத்தையும் குற்றவியல் என்கிறோம், இந்தப் படிப்பையும் குற்றவியல் என்கிறோம். சேருகிறவர்களில் பலர் வழக்கறிஞர் ஆகப் போகிறோம் என்றோ, ரத்தக் கறையை ஆராயப் போகிறோம் என்றோ நினைத்து வருகிறார்கள். முதலாவது சட்டப் படிப்பு, இரண்டாவது தடயவியல். இது சமூக அறிவியல். ஒரு தெருவில் மட்டும் திருட்டு ஏன் அதிகம், யாருடைய புகார் பதிவாகிறது, யாருடையது ஆவதில்லை, சிறைக்குப் போய் வந்தவர் ஏன் மறுபடியும் போகிறார் என்று கேட்கிற படிப்பு. புள்ளியியல் தாள் கட்டாயம் இருக்கும்.

மொழி வகுப்பைத் தனித்தீவாக விடுவது

எனக்கு ஒரு செமஸ்டரை விழுங்கிய தவறு இது. இன்றும் யாராவது இதைச் செய்யும்போது எரிச்சல் வருகிறது, அவர்கள் மேல் அல்ல, இதை முன்கூட்டியே யாரும் சொல்லித் தருவதில்லையே என்று.

மொழி வகுப்பில் வழி கேட்கவும், குடும்பத்தைப் பற்றிப் பேசவும், கடிதம் எழுதவும் கற்றுத் தருவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் அப்படியே ஓடிவிடும். அந்த மொழியில் ஒரு காவல்துறை அறிக்கையையோ ஒரு தண்டனைச் சட்டப் பிரிவையோ நாம் படித்திருக்க மாட்டோம். எனக்கு ஸ்பானிஷில் நல்ல மதிப்பெண். அதுவே வினையானது. மொழி தெரியும் என்று நம்பிவிட்டேன்.

மெக்சிகோ அரசு வெளியிடும் குற்றப் புள்ளிவிவரத்தில் 'ஓமிசிடியோ', அதாவது ஒருவரால் இன்னொருவர் உயிர் போவது, என்பதற்குக் கீழே இரண்டு வரிசைகள் இருக்கும். ஒன்று 'டொலோசோ', இன்னொன்று 'குல்போசோ'. அகராதியில் 'குல்பா' என்றால் தவறு, பழி. ஆங்கிலத்தில் பழிக்குரிய என்று பொருள்படும் கல்பபிள் என்ற சொல்லும் காதில் ஒலித்தது. சரி, இதுவும் ஒருவகைக் கொலைதான் என்று இரண்டு வரிசையையும் கூட்டிவிட்டேன்.

சட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. டொலோசோ என்றால் வேண்டுமென்றே செய்தது. குல்போசோ என்றால் கவனக்குறைவால் நேர்ந்தது. அந்த இரண்டாம் வரிசையில் பெரும்பகுதி சாலை விபத்து மரணங்கள். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்து ஒருவர் மேல் ஏற்றிவிட்டால் அதுவும் அங்கே வரும். அதையெல்லாம் கொலை என்று எண்ணி, வேண்டுமென்றே செய்த கொலைகளை மட்டும் கணக்கிடும் வேறொரு நாட்டின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, நடுவில் இருந்த இடைவெளிக்குக் காரணம் தேடி நாற்பது பக்கம் எழுதினேன். கும்பல்கள், ஆயுதக் கடத்தல், பலவீனமான காவல்துறை, எல்லாவற்றுக்கும் மேற்கோள் இருந்தது. தேர்வாளர் அந்த ஒரு சொல்லை பென்சிலால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் "சாலை விபத்து?" என்று மட்டும் எழுதியிருந்தார். மீதி எதையும் அவர் திருத்தவில்லை. திருத்த ஒன்றும் மிஞ்சவில்லை.

இந்தக் குழியைத் தாண்டினாலும் பக்கத்திலேயே இன்னொன்று உண்டு. அதே தரவில் விசாரணைக் கோப்புகளின் எண்ணிக்கை தனி, பலியானவர்களின் எண்ணிக்கை தனி. ஒரே கோப்பில் மூன்று பேர் இறந்திருக்கலாம். எதை எடுத்தோம் என்று கட்டுரையில் எழுதியே ஆக வேண்டும்.

ஸ்பானிஷில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சுச் சட்டம் குற்றங்களை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. அதில் 'க்ரீம்' என்பது மிகக் கடுமையானவற்றுக்கு மட்டும். சாதாரணத் திருட்டு 'டெலி' என்ற நடு அடுக்கில் இருக்கும். 'க்ரீம்' எண்ணிக்கையை எடுத்து அந்த நாட்டின் மொத்தக் குற்றம் என்று எழுதினால் திருட்டே காணாமல் போய்விடும். ஜெர்மனில் 'மோர்ட்' என்றால் கொலை என்று முதல் வாரமே சொல்லித் தருவார்கள். ஆனால் பேராசை, வஞ்சகம் போன்று சட்டம் பட்டியலிட்ட தன்மைகளில் ஒன்றாவது இருந்தால்தான் அது மோர்ட். அவை இல்லாமல் வேண்டுமென்றே கொன்றால் 'டோட்ஷ்லாக்', அது வேறு பிரிவு.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. முதல் செமஸ்டரிலிருந்தே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். குற்றத்தின் பெயர் கண்ணில் பட்டால், தண்டனைச் சட்டத்தில் அதன் வரையறையைத் தேடி மூல மொழியிலேயே எழுதுங்கள். பக்கத்தில், அது எதைச் சேர்க்கிறது, எதைச் சேர்க்கவில்லை என்று தமிழில் இரண்டு வரி. அப்புறம், ஐக்கிய நாடுகள் புள்ளியியல் ஆணையம் 2015-இல் ஏற்றுக்கொண்ட குற்ற வகைப்பாட்டோடு ஒப்பிடுங்கள். அது சட்டப் பெயரை விட்டுவிட்டு, நடந்த செயலை வைத்து வகை பிரிப்பதால் நாடு விட்டு நாடு ஒப்பிட உதவும். மொழி ஆசிரியரிடம் செமஸ்டர் கட்டுரையைக் குற்றச் செய்திகளை வைத்து எழுதலாமா என்று கேளுங்கள். நான் கேட்டுப் பார்த்தவரை, பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள்.

மொழிபெயர்ப்புச் செயலி

படித்துப் பார்க்க உதவும். மேற்கோள் காட்ட உதவாது.

எண்ணும் முறையைப் பார்க்காமல் நாடுகளை வரிசைப்படுத்துவது

பாலியல் வன்முறையில் சுவீடனை உச்சியில் வைக்கும் பட்டியலை ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் கொண்டுவருகிறார். ஒரே புகாரில் பல முறை நடந்ததாகச் சொன்னால், அங்கே ஒவ்வொரு முறையையும் தனிக் குற்றமாகப் பதிகிறார்கள். சட்ட வரையறையும் அகலமானது. அதனால் அந்த எண்ணை வேறு நாட்டு எண்ணோடு நேராக நிறுத்த முடியாது. பதிவான குற்றம் வேறு, நடந்த குற்றம் வேறு என்பது குற்றவியலின் அரிச்சுவடி. அதற்காகத்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1982 முதல், உங்களுக்கு என்ன குற்றம் நேர்ந்தது என்று மக்களிடமே நேரில் கேட்கும் கணக்கெடுப்பு நடக்கிறது.

பழைய ஆட்களை ஒரு வரியில் முடிப்பது

"பிறவிக் குற்றவாளி என்றார் லொம்ப்ரோசோ, அது தவறு" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குற்றவியலின் முன்னோடிகளில் ஒருவரான அந்த இத்தாலிய மருத்துவர் 1876-இல் தன் மொழியில் வெளியிட்ட நூல், ஐந்து பதிப்புகளில் ஊதிப் பெருத்து, கருத்தும் மாறிக்கொண்டே வந்தது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் பல பத்தாண்டுகள் நம்பியிருந்தது, அவருடைய மகள் சுருக்கி எழுதி 1911-இல் வந்த நூலைத்தான். இத்தாலியன் எடுத்தவர்களுக்கு இங்கே நல்ல தலைப்பு காத்திருக்கிறது.

எளிது என்பதற்காக ஒரு மொழியை எடுப்பது

எந்த நாட்டுத் தரவைத் தொடப் போகிறீர்களோ அந்த மொழியை எடுங்கள்.

சிறைக்குள் போய்ப் பேட்டி எடுக்கத் திட்டமிடுவது

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஒன்று, சிறை நிர்வாகத்தின் அனுமதி ஒன்று. இரண்டும் சேர்ந்து வர மாதக்கணக்கில் ஆகும், வராமலும் போகலாம். வெளிநாட்டு மொழியில் என்றால், சிறையில் இருப்பவர் தயங்கித் தயங்கிச் சொல்வதைப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் காது பழகியிருக்க வேண்டும். இளங்கலை ஆய்வேட்டுக்கு வெளியான தீர்ப்புகளே போதும். ஒரே வகைக் குற்றத்தில் இருபது தீர்ப்புகளை எடுத்து, நீதிபதி தண்டனைக்குக் காரணம் சொல்லும் பத்தியை மட்டும் மூல மொழியில் படியுங்கள். முதல் தீர்ப்புக்கு ஒரு நாள் முழுக்க ஆகும். பத்தாவது வருவதற்குள் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.