ரிவர்ட் கமிட் மெசேஜ்ல திரும்பத் திரும்ப நடக்கற தவறுகள்

போன வாரம் டீம்ல புதுசா சேந்த ரெண்டு பேரோட புல் ரிக்வெஸ்ட் (மெயின் கோடுல சேக்கச் சொல்லி அனுப்பற மாற்றம்) பாத்துட்டு இருந்தேன். ரெண்டுலயும் ஒரு ரிவர்ட் கமிட், அதாவது முன்னாடி பண்ணின ஒரு மாற்றத்தை ரத்து பண்ற பதிவு, இருந்துச்சு, ரெண்டுலயும் கிட் (கோட் மாற்றங்களைப் பதிவு பண்ணி வைக்கற கருவி) தானா எழுதிக் குடுக்கற அந்த ரெண்டு வரி மட்டும்தான். மேல "ரிவர்ட்"னு போட்டு மேற்கோளுக்குள்ள பழைய கமிட்டோட தலைப்பு, கீழ "திஸ் ரிவர்ட்ஸ் கமிட்"னு ஆரம்பிச்சு அந்த பழைய கமிட்டோட அடையாளமான 40 எழுத்து ஹாஷ். நானும் ஆரம்பத்துல இப்படியேதான் விட்டுட்டுப் போவேன், அதனால என்ன ஆச்சுன்னு கீழ சொல்றேன்.

தலைப்பு 50 எழுத்துக்குள்ள இருக்கணும், ஸ்பெல்லிங் பாத்துக்கணும், "ஃபிக்ஸ்"னு ஒத்த வார்த்தையில விடக்கூடாது, இதெல்லாம் எங்க பாத்தாலும் இருக்கு, நான் திரும்ப சொல்லப்போறதில்ல.

ஏன் ரிவர்ட் பண்ணோம்னு எழுதாம விடறது

இது ஒண்ணுதான் எனக்கு இன்னிக்கும் எரிச்சலைக் கிளப்பற தவறு.

ஒரு சர்வீஸ்ல ஆர்டர் பதிவு பண்ற கால் அடிக்கடி டைம்அவுட் ஆகும். டீம்ல ஒருத்தர் டைம்அவுட் ஆனா தானா இன்னொரு தடவை அனுப்பற மாதிரி ரீட்ரை போட்டாரு. ரிவ்யூல பாத்தா கோட் சுத்தமா இருந்துச்சு, டெஸ்ட் எல்லாம் பாஸ், ப்ரொடக்ஷனுக்குப் போயிடுச்சு. அன்னிக்கு நைட்டே ஒரே ஆர்டர் ரெண்டு தடவை பதிவாக ஆரம்பிச்சது. காரணம் என்னன்னா, சர்வர் பக்கம் வேலை முடிஞ்சிருக்கும், பதில்தான் லேட்டாகும், இந்தப் பக்கம் டைம்அவுட்னு நினைச்சு அதையே மறுபடி அனுப்பிடும். பிரச்சனை வந்தா உடனே பாக்கற ஆன்கால் டியூட்டியில இருந்தது நான். ஹாஷை எடுத்தேன், கிட் ரிவர்ட், கூடவே எடிட்டர் திறக்காம இருக்க நோ எடிட், புஷ், டிப்ளாய், பிரச்சனை நின்னுடுச்சு. என்ன நடந்ததுன்னு சாட்ல விலாவாரியா எழுதிட்டு தூங்கப் போயிட்டேன். கமிட்ல ஒரு வார்த்தை எழுதல.

ஏழு மாசம் கழிச்சு, நான் வேற டீமுக்கு மாறின பிறகு, அந்த டைம்அவுட் புகாரை புதுசா வந்த ஒருத்தர் கையில எடுத்தாரு. அவர் எல்லாத்தையும் சரியாத்தான் பண்ணாரு, லாக் பாத்தாரு, எந்த வரி எந்த கமிட்ல வந்ததுன்னு காட்டற பிளேம் பாத்தாரு, ஏற்கனவே ஒரு ரீட்ரை போட்டு அதே நாள் ரிவர்ட் ஆகியிருக்குன்னு கண்டுபிடிச்சாரு. ஆனா ஏன்னு எங்கயும் இல்ல. ஏதோ ரிலீஸ் அவசரத்துல தள்ளி வச்சிருப்பாங்கன்னு நினைச்சு அந்த ரிவர்ட்டை ரிவர்ட் பண்ணிட்டாரு. ரெட்டை ஆர்டர் மறுபடியும். இந்தத் தடவை வார இறுதி, கவனிக்கறதுக்கே ரொம்ப நேரம் ஆச்சு, ரெட்டையா பதிவானதை ஒவ்வொண்ணா பாத்து கேன்சல் பண்ண மூணு பேர் ரெண்டு நாள் உக்காந்தாங்க. என்கிட்ட வந்து கேட்டப்போ எனக்கே பாதிதான் ஞாபகம் இருந்துச்சு, சாட்ல தேடினா பழைய மெசேஜ் எல்லாம் தானா அழிஞ்சு போயிருந்துச்சு. அந்தப் பையன் மேல தப்பே கிடையாது, ஆனா மன்னிப்பு கேட்டுட்டு இருந்தது அவன்தான்.

சாதாரண கமிட்ல காரணத்தை எழுதாம விட்டாக்கூட கோடைப் படிச்சு பாதியாவது ஊகிச்சுடலாம். ரிவர்ட்ல அது முடியாது, ஏன்னா டிஃப் (எந்த வரி மாறுச்சுன்னு காட்டறது) வந்து பழைய டிஃப்பையே தலைகீழா காட்டும், அவ்ளோதான். காரணம் கோடுக்கு வெளிய, ஏதோ ஒரு கிராஃப்லயோ எரர் லாக்லயோ கஸ்டமர் புகார்லயோ இருக்கும், அதை நாம கொண்டுவந்து எழுதினாத்தான் ரெப்போவுக்குள்ள (கோடும் அதோட வரலாறும் இருக்கற இடம்) வரும். கிட்டை எழுதினவங்களுக்கே இது தெரியும், ரிவர்ட் கமாண்டுக்கு ரெஃபரன்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதைக் குடுத்தா தலைப்பைத் தானா நிரப்பாம, "ஏன் ரிவர்ட் பண்றீங்கன்னு தலைப்புலயே சொல்லுங்க"ங்கற அர்த்தத்துல இங்கிலீஷ் கேபிடல் எழுத்துல ஒரு கமெண்ட் வரியை வச்சுட்டு எடிட்டரைத் திறக்கும்.

அன்னிக்கு நான் எழுதியிருக்க வேண்டியது இவ்ளோதான்:

ரிவர்ட்: டைம்அவுட் ரீட்ரை, ஒரே ஆர்டர் ரெண்டு தடவை பதிவாகுது

சர்வர் வேலையை முடிச்ச பிறகும் பதில் லேட்டானா கிளையண்ட் அதே ரிக்வெஸ்ட்டை மறுபடி அனுப்புது. ரெண்டாவதும் புது ஆர்டராவே பதிவாகுது. லோக்கல் டெஸ்ட்ல மாக் (போலி) சர்வர் உடனே பதில் சொல்றதால இது தெரியல. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் தனி ஐடி குடுத்து, சர்வர் அதைப் பாத்து ரெண்டாவதை ஒதுக்கற வரைக்கும் இந்த ரீட்ரையைத் திரும்பக் கொண்டு வரக்கூடாது.

இதுக்குக் கீழ அந்த ஹாஷ் வரி அப்படியே இருக்கட்டும், அதை அழிக்காதீங்க. இதுல கடைசி வாக்கியம்தான் ரொம்ப முக்கியம். எதுனால எடுத்தோம்னு எழுதறவங்க கூட, என்ன சரியானா திரும்பப் போடலாம்னு எழுத மாட்டேங்கறாங்க. ரிவர்ட் மெசேஜைத் தேடி வந்து படிக்கறவர் பெரும்பாலும் அதைத் திரும்பப் போடணும்னு நினைக்கறவர்தான், அவருக்குத்தான் நாம எழுதறோம்.

நைட்டு ரெண்டு மணிக்கு இவ்ளோ எழுத முடியாதுன்னு சொல்வாங்க, புரியுது. அப்போ கண்ணுக்குத் தெரிஞ்சதை ஒரு வரியா எழுதுங்க, "ரெட்டை ஆர்டர் வருது, காரணம் இன்னும் தெரியல"ன்னு எழுதினாலே அந்தப் பையன் நின்னிருப்பான். புஷ் பண்ணின பிறகு முழுக் காரணம் தெரிஞ்சா கிட் நோட்ஸ்ல (கமிட்டை மாத்தாம அது மேல ஒட்டற குறிப்பு) சேக்கலாம், ஹாஷ் மாறாது. ஆனா நோட்ஸ் சாதாரண புஷ்ல போகாது, தனியா புஷ் பண்ணணும், அதனால இஷ்யூவுலயும் எழுதி வைங்க.

கையால அழிச்சுட்டு "கிளீனப்"னு போடறது

ரிவர்ட்ல கான்ஃப்ளிக்ட் (அதே வரிகள் பின்னாடி மாறியிருந்தா வர மோதல்) வந்தா பயந்துட்டு, ஃபைலைத் திறந்து வரிகளை அழிச்சுட்டு சாதாரண கமிட்டா போட்டுடறாங்க. அழிக்கறது தப்பில்ல, சில நேரம் வேற வழியும் இல்ல. ஆனா எந்த கமிட்டை எடுக்கறோம்னு ஹாஷும் தலைப்பும் எழுதணும். இல்லன்னா பின்னாடி லாக்ல கிரெப் பண்ணி தேடறவருக்கு அந்த ஃபீச்சர் போட்டது கிடைக்கும், எடுத்தது கிடைக்காது.

பாதியை மட்டும் எடுத்தாலும் இதேதான். மூணு ஃபைல்ல ஒண்ணை மட்டும் பழசுக்குக் கொண்டு போயிட்டு முழு ரிவர்ட் மாதிரி தலைப்பு வைக்கறாங்க. எது போச்சு, எது இருக்குன்னு எழுதுங்க.

ரிவர்ட் கமிட்ல வேற எந்த மாற்றத்தையும் சேக்காதீங்க.

செத்துப்போன ஹாஷ்

ப்ராஞ்ச்ல (மெயின் கோடுல இன்னும் சேராத தனிக் கிளை) இருக்கும்போது ஒரு ஹாஷைக் குறிப்பிட்டு எழுதிட்டு, அப்புறம் ரீபேஸோ (கமிட்களை வேற இடத்துல மறுபடி அடுக்கறது) ஸ்குவாஷோ (பல கமிட்டை ஒண்ணாக்கறது) பண்ணிட்டா அந்த ஹாஷ் மெயின்ல இருக்கவே இருக்காது. மெர்ஜ் ஆன (மெயின்ல சேந்த) பிறகு மெயின்ல இருக்கற ஹாஷைத்தான் எழுதணும், கூடவே தலைப்பையும். லினக்ஸ் கெர்னல்ல, எந்த கமிட்டோட பிழையைச் சரி பண்றோம்னு சொல்ற ஃபிக்ஸஸ் வரியில ஹாஷோட முதல் 12 எழுத்தையும் தலைப்பையும் சேத்தே எழுதச் சொல்றாங்க, ஹாஷ் கைகொடுக்கலன்னாலும் தலைப்பை வச்சுத் தேடிடலாம்.

ரிவர்ட் ரிவர்ட் ரிவர்ட்

ரிவர்ட்டை ரிவர்ட் பண்ணினா முன்னெல்லாம் அந்த வார்த்தையே ரெண்டு தடவை வரும், மூணாவது தடவை இப்போ ஃபீச்சர் உள்ள இருக்கா வெளிய இருக்கான்னு விரல் விட்டு எண்ணணும். 2023ல வந்த கிட் 2.43ல இருந்து ரிவர்ட்டை ரிவர்ட் பண்ணினா "ரீஅப்ளை"ன்னு வருது. தலைப்பு பரவாயில்ல, ஆனா போன தடவை எதுனால எடுத்தோமோ அது இப்போ எப்படி சரியாச்சுன்னு அதுல இருக்காது, அதை நீங்கதான் எழுதணும்.

மெர்ஜை ரிவர்ட் பண்ணும்போது

மெர்ஜ் கமிட்டை மைனஸ் எம் 1 (மெயின் பக்கத்தை அடிப்படையா வச்சுக்கோன்னு அர்த்தம்) குடுத்து ரிவர்ட் பண்ணினா கோட் மட்டும்தான் பழைய நிலைக்குப் போகும், அந்த ப்ராஞ்ச் மெர்ஜ் ஆயிடுச்சுங்கற வரலாறு அப்படியே இருக்கும். அதே ப்ராஞ்ச்ல பிழையைச் சரி பண்ணி மறுபடி மெர்ஜ் பண்ணினா புது கமிட் மட்டும் வரும், பழசு எதுவும் வராது, கிட்டுக்கு அதெல்லாம் ஏற்கனவே வந்தாச்சு. பாதி ஃபீச்சர் காணோம்னு ஒரு நாள் முழுக்க தேடினவங்களைப் பாத்திருக்கேன். அதனால மெர்ஜ் ரிவர்ட்டோட மெசேஜ்ல, "இந்த ப்ராஞ்சைத் திரும்ப மெர்ஜ் பண்றதுக்கு முன்னாடி இந்த ரிவர்ட்டை ரிவர்ட் பண்ணணும்"னு ஒரு வரி கண்டிப்பா போடுங்க.