டிஆர்பி சண்டையில் இறங்குமுன்: சீரியல் ரசிகர்களுக்கு ஒரு வாதக் கையேடு

வியாழக்கிழமை டிஆர்பி பட்டியல் கசிந்ததும் சீரியல் குழுக்களில் மூளும் சண்டைகளைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஒருவர் நகர்ப்புற எண்ணைப் பிடித்துக்கொண்டு பேசுவார், இன்னொருவர் கிராமமும் சேர்ந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பேசுவார். இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும், நள்ளிரவு வரை அடித்துக்கொள்வார்கள். எதிராளி எண்ணைச் சொன்னதும் பதில் எண்ணைத் தேடி ஓடாதீர்கள். முதலில் இப்படிக் கேளுங்கள்: "இது எந்த வாரம்? தமிழ்நாடு-புதுச்சேரி முழுக்கவா, நகர்ப்புறம் மட்டுமா? எல்லா வயசுமா, 15 வயசுக்கு மேலயா?" பாதி பேர் இங்கேயே நின்றுவிடுவார்கள். பதில் சொல்பவரோடு தாராளமாக வாதாடலாம்.

டிஆர்பியைக் கணக்கிடுவது பார்க் (BARC) என்ற பார்வையாளர் அளவீட்டு நிறுவனம். அதன் வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும். அந்த வாரத்துக்கான பட்டியல் அடுத்த வியாழன்தான் வரும். ஆகவே "நேத்து கல்யாண எபிசோடுல டிஆர்பி எகிறிடுச்சு பாத்தீங்களா" என்று வியாழனன்று ஒருவர் எழுதினால், அந்த எபிசோடு அந்தப் பட்டியலிலேயே இல்லை. தேதியை மட்டும் சுட்டிக்காட்டுங்கள், போதும். பார்க் தன் தளத்தில் பொதுமக்களுக்குக் காட்டுவது முன்வரிசை நிகழ்ச்சிகளையும் சேனல்களையும் மட்டும்தான், அதுவும் ஆயிரக்கணக்கில் பார்வையாளர் எண்ணாக. 8.7, 9.2 என்று தசமத்தோடு சுற்றும் நீண்ட பட்டியல்கள் சந்தா கட்டும் சேனல், விளம்பர வட்டாரங்களிலிருந்து வெளியே வருபவை. வழியில் யார் வேண்டுமானாலும் ஒரு இலக்கத்தை மாற்றியிருக்கலாம். வார எண் இல்லாத ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாக ஏற்காதீர்கள், நீங்களும் பகிராதீர்கள்.

அந்தத் தசம எண் எதைச் சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மொத்தம் 100 பேர், அரை மணி நேர சீரியல் என்று வையுங்கள். 20 பேர் முழுதும் பார்த்தார்கள், 10 பேர் பாதியில் வந்து 15 நிமிடம் பார்த்தார்கள். எட்டிப்பார்த்தவர்கள் 30 பேர். டிவிஆர், அதாவது பட்டியலில் வரும் அந்தத் தசம எண், 30 ஆகாது, 25தான். பார்த்த நிமிடங்களின் சராசரி அது. சேனல் விளம்பரத்தில் "இத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள்" என்று வருவது பெரும்பாலும் எட்டிப்பார்த்தவர்களின் கணக்கு. எதிராளி அதை எடுத்துவந்து உங்கள் சீரியலின் சராசரியோடு ஒப்பிட்டால், இரண்டும் ஒன்றல்ல என்று இந்த 100 பேர் கணக்கையே எழுதிக் காட்டலாம்.

ஜிஆர்பி இன்னொரு கண்ணி. வாரத்தில் எல்லா எபிசோடுகளின் புள்ளிகளையும் கூட்டினால் வருவது அது. நாளுக்கு 8 வீதம் ஆறு நாள் ஓடும் சீரியலுக்கு 48, நாளுக்கு 9 வீதம் ஐந்து நாள் ஓடுவதற்கு 45. இரண்டு தரப்பும் "நாங்கதான் நம்பர் ஒன்" என்று போஸ்டர் அடிக்கலாம், இரண்டும் பொய் இல்லை. ஒரு சீரியலுக்கு சனிக்கிழமை எபிசோடைச் சேர்த்த வாரத்தில் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போகும்.

0.1, 0.2 வித்தியாசத்துக்குக் கொண்டாட்டமோ இரங்கலோ வேண்டாம். இந்தியா முழுக்க சுமார் 23 கோடி டிவி வீடுகளுக்கு ஏறத்தாழ 58,000 வீடுகளில்தான் மீட்டர் இருப்பதாக 2025-ல் ஒன்றிய அரசே சொன்னது. தமிழ்நாட்டின் பங்கு அதில் ஒரு சிறு பகுதி. இவ்வளவு சிறிய மாதிரியில் அந்த அளவு ஏற்ற இறக்கம் தானாகவே வரும். நாலு வாரம் தொடர்ந்து ஒரே திசையில் போனால் பேசலாம். அப்போதும் "கதை சொதப்பிட்டாங்க" என்று தீர்ப்பு எழுதும் முன், அந்த வாரங்களில் ஐபிஎல் இருந்ததா, நேரம் மாறியதா, எதிர் சேனலில் பண்டிகைப் படம் போட்டார்களா, மகாசங்கமம் என்று இரண்டு சீரியலை ஒட்டி ஒரு மணி நேரம் ஓட்டினார்களா என்று பாருங்கள். மகாசங்கம வார எண்ணை வைத்து ஒரு சீரியலைத் தனியாகப் புகழ்வது வீண். பக்கத்து வீட்டுக் கூட்டமும் அதில் சேர்ந்திருக்கும்.

"எங்க ஆடியன்ஸ் எல்லாம் ஆப்லதான் பாக்குறாங்க" என்ற வாதத்தை டிஆர்பி காட்டி முறியடிக்க முடியாது, நிறுவவும் முடியாது. ஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட், ஜீ5 மூன்றிலும் சீரியல் வாரியாக ஒப்பிடும்படி வாராந்திர எண் பொதுவில் கிடைப்பதில்லை. அதைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள். யூடியூப் ப்ரோமோ பார்வைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், விளம்பரம் கொடுத்து அவற்றை ஏற்ற முடியும்.

எக்ஸ் தளத்து ட்ரெண்ட் வேறு ஜாதி. அங்கே மொத்தம் எவ்வளவு பேர் பேசினார்கள் என்பதைவிட, குறுகிய நேரத்தில் எவ்வளவு வேகமாகப் பேச்சு கூடியது என்பதே முக்கியம். ரசிகர் குழுக்கள் டேகை முன்கூட்டி வெளியிடாமல் மாலை 6 மணி என்று நேரம் குறித்து ஒன்றாகக் கொட்டுவது அதனால்தான். சில ஆயிரம் பேர் ஒழுங்காக உழைத்தால் வரும் விளைவு அது. மக்கள் தீர்ப்பு என்று விற்காதீர்கள். தவிர, ட்ரெண்ட் பட்டியல் ஊருக்கும் கணக்குக்கும் ஏற்ப மாறும். உங்கள் போனில் முதலிடத்தில் இருப்பது அவர் போனில் இல்லாமலே இருக்கலாம்.

இனி அரசியல். இங்கேதான் பழைய தகவல்களை வைத்துக்கொண்டு அதிகம் சண்டை நடக்கிறது. சன் டிவி 1993 ஏப்ரல் 14-ல் தொடங்கியது. உரிமையாளர் கலாநிதி மாறன், கருணாநிதியின் அக்கா வழிப் பேரன், தயாநிதி மாறனின் அண்ணன். இந்தக் குடும்பத் தொடர்பை யாரும் மறுக்க முடியாது. ஆனால் "திமுகவின் அதிகாரபூர்வ சேனல்" என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். 2007-ல் குடும்பம் பிளந்தபோது அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் கலைஞர் டிவி தொடங்கப்பட்டது. சன் தன் அலுவலகத்தை அண்ணா அறிவாலயத்திலிருந்து காலி செய்தது. பின்னர் சமாதானம் ஆனது. எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறீர்களோ அந்த ஆண்டைச் சொல்லிப் பேசுங்கள்.

ஜெயா டிவியை இன்னும் அதிமுக குரலாகக் காட்டுபவர்களுக்கு ஒரு வரி போதும்: அது சசிகலா தரப்பின் கையில் போனதால்தான் அதிமுகவினர் 2018-ல் நியூஸ் ஜெ தொடங்கினார்கள். விஜய் டிவிக்கும் நடிகர் விஜய்க்கும் முடிச்சுப் போடும் பதிவுகள், 2024-ல் அவர் கட்சி தொடங்கிய பிறகு கூடிவிட்டன. அந்தப் பெயர் விஜய் மல்லையா வைத்திருந்த காலத்திலிருந்து வருவது. பிறகு ஸ்டார், டிஸ்னி என்று கை மாறி, 2024 நவம்பர் முதல் ஜியோஸ்டார். கலர்ஸ் தமிழும் இப்போது அதே வீடு, ஆகவே அந்த இரண்டு சேனல்களின் போட்டியில் சதி தேடுபவர்கள் முதலில் உரிமையைப் பார்க்கட்டும். ஜீ நியூஸின் அரசியலை ஜீ தமிழ் சீரியல் மேல் ஏற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. செய்திச் சேனல்களை நடத்துவது ஜீ மீடியா, பொழுதுபோக்குச் சேனல்களை நடத்துவது ஜீ என்டர்டெய்ன்மென்ட்; இரண்டும் தனித்தனி நிறுவனங்கள்.

உரிமையாளரைச் சொன்னதோடு வாதம் முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் அரசியல் ரசிகர்களின் பெரிய ஓட்டை. முதலாளி யார் என்பது ஒரு தகவல். திரையில் என்ன காட்டினார்கள் என்பது தனியாக நிறுவ வேண்டியது. "இந்த சீரியல் ஆளுங்கட்சிக்கு ஜால்ரா" என்றால், எபிசோடு தேதி, காட்சி, வசனம் மூன்றும் வேண்டும். ஒரு காட்சி போதாது. அதே சேனலில் எதிர்த் திசையில் வந்த காட்சியையும் நீங்களே தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் எதிராளி தேடிக்கொண்டு வருவார்.

பிக்பாஸில் இது இன்னும் சிக்கல். கமல்ஹாசன் 2018 பிப்ரவரியில் கட்சி தொடங்கி, அந்த ஜூனிலேயே இரண்டாம் சீசனைத் தொகுத்தார். ஏழாம் சீசன் வரை கட்சித் தலைவராகவும் தொகுப்பாளராகவும் அதே ஆள். ஆகவே அவர் மேடையில் அரசியல் பேசினார் என்பதை எளிதில் காட்டலாம். வெற்றியாளரை அரசியல் காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு அது சான்றாகாது. வாராவாரம் முழு ஓட்டு எண்ணிக்கையைச் சேனல் வெளியிடுவதில்லை. யூடியூபிலும் டெலிகிராமிலும் நடக்கும் தனியார் போல்களில் ஒரே ஆள் பல கணக்குகளில் குத்தலாம். "அன்அபிஷியல் போல்படி இவங்கதான் முதலிடம்" என்ற பதிவின் கீழ் உங்கள் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

செய்திச் சேனல் தரவரிசைக்குத் தனி விதி. டிஆர்பி மோசடிப் புகார் எழுந்த 2020 அக்டோபரில் பார்க் செய்தி ரேட்டிங்கை நிறுத்தியது. 2022 மார்ச்சில் திரும்பத் தந்தபோது நாலு வாரச் சராசரியாக மாற்றியது. "ஒரே ராத்திரியில் நம்பர் ஒன்" என்று செய்திச் சேனல் கூவினால் அடிக்குறிப்பைப் பெரிதாக்கிப் படியுங்கள்: குறிப்பிட்ட வயது ஆண்கள், குறிப்பிட்ட ஒரு மணி நேரம், நகர்ப்புறம் என்று வெட்டிவெட்டிப் பிடித்த முதலிடமாக இருக்கும்.

எழுதும் முறை பற்றிச் சில. ஒரு பதிலில் ஒரே ஒரு கூற்றை மட்டும் மறுங்கள். ஐந்தை மறுத்தால் அதில் பலவீனமான ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். அவர் எழுதிய வரியை அப்படியே மேலே போட்டு, கீழே உங்கள் பதில். அவர் பிறகு பதிவைத் திருத்தினாலும் உங்களுக்குப் பாதகமில்லை. சீரியல் குழுக்களில் வயதில் மூத்த பெண்கள் நிறைய இருப்பார்கள், "ப்ரோ" என்று தொடங்கி அசடு வழியாதீர்கள். தெரியாத இடத்தில் "நீங்க" போதும், "அக்கா" என்று அவர்கள் கூப்பிடச் சொன்ன பிறகு கூப்பிடலாம். வில்லி செய்த அநியாயத்தைத் திட்டும்போது கதாபாத்திரத்தின் பெயரை எழுதுங்கள். நடிகையின் பெயரைப் போட்டு, அவர் கணக்கையும் டேக் செய்து திட்டினால் அது அவதூறாகலாம், கணக்கு முடங்கலாம். வழக்கு வரவும் இடமுண்டு.

மூன்று முறை பதில் சொன்ன பிறகும் வாரம், சந்தை, தேதி எதையும் தராமல் "காசு வாங்கிட்டு பேசுற", "இருநூறு ரூபா", "சங்கி" என்று இறங்கினால் அந்த இழையை ம்யூட் செய்யுங்கள். பிளாக் செய்தால் அதையே வெற்றிச் சான்றிதழாகப் பகிர்வார்கள். ம்யூட் செய்தது அவருக்குத் தெரியாது.