பைக் ஃபிட்டிங்: காசும் நேரமும் வீணாகாமல் இருக்கத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்கிள் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். மேடு ஏறும்போது தொடை எரிகிறதா, சரி, அது உழைப்பு. முட்டி குத்துவதும் சுண்டுவிரல் மரத்துப்போவதும் ஓட்டி முடித்து இரண்டு நாளாகியும் கழுத்தைத் திருப்ப முடியாமல் இருப்பதும் வேறு கதை. சைக்கிளின் அளவும் உடம்பின் அளவும் ஒத்துப்போகாதபோது வருகிற வலிகள் இவை. நிமிடத்துக்கு 85 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முட்டியும் 5,000 தடவைக்கு மேல் மடங்கி நிமிர்கிறது. சீட் கொஞ்சம் தப்பாக இருந்தால், அத்தனை தடவையும் அந்தத் தப்பை முட்டி தாங்க வேண்டியிருக்கிறது.

இதைச் சரிசெய்யத்தான், சைக்கிளின் சீட், ஹேண்டில், கிளீட் எல்லாவற்றையும் நம் உடம்புக்கேற்ப அளந்து பொருத்தித் தரும் ஃபிட்டரிடம் போகிறோம்; இந்த வேலைக்குத்தான் பைக் ஃபிட்டிங் என்று பெயர். கிளீட் என்பது ஷூவைப் பெடலோடு பூட்டும் துண்டு. போய்வந்தும் ஒன்றும் மாறவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஃபிட்டருக்குத் திறமை போதாமல் இருக்கலாம். ஆனால் போகிறவர் என்ன சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், வீட்டுக்கு வந்தபின் என்ன செய்கிறார் என்பதில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது.

முதல் தவறு, வெறுமனே “முட்டி வலிக்கிறது” என்று சொல்வது. முட்டியில் எந்தப் பக்கம்? முன்பக்கம், முட்டிச்சில்லைச் சுற்றி வலித்தால் சீட் தாழ்வாகவோ ரொம்ப முன்னாலோ இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பின்பக்கம் இழுத்தால் சீட் உயரம் என்று சந்தேகிப்பார்கள். உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் ஷூவின் அடியில் இருக்கும் கிளீட் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பார்கள். கையும் அப்படித்தான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளியோரமாகப் போகும் நரம்பு அழுந்துகிறது; கட்டைவிரல் பக்கம் மரத்தால் அது வேறு நரம்பு. எத்தனை நிமிடத்தில் தொடங்குகிறது, மேட்டிலா சமதளத்திலா, நிறுத்தியதும் போய்விடுகிறதா என்று போவதற்கு முந்தைய வாரமே போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் எந்தக் கேமராவுக்கும் சென்சாருக்கும் இதெல்லாம் தெரியாது.

பழைய அடிகளை மறைப்பதும் இதே ரகம். பெல்ஜிய சைக்கிள் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் 1969-இல் பிரான்சின் புளுவா நகரத்துப் பந்தயத் தடத்தில் மோசமாக விழுந்து இடுப்பில் அடிபட்டார். அதற்கப்புறம் சீட் உயரத்தை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருந்தார், பந்தயத்தின் நடுவில்கூட. அவ்வளவு பெரிய வீரருக்கே ஒரு பழைய அடி உட்காரும் விதத்தை மாற்றிவிட்டது. பத்து வருடத்துக்கு முன் சுளுக்கிய கணுக்கால், ஒரு கால் கொஞ்சம் குட்டை, குனிந்தால் பிடிக்கும் இடுப்பு, எல்லாவற்றையும் சொல்லுங்கள். கால் நீளத்தில் வித்தியாசம் இருந்தால் கிளீட்டுக்கு அடியில் தகடு வைத்தே ஓரளவு ஈடுகட்டலாம்.

என்ன போட்டுக்கொண்டு போவது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். புது ஷூ வாங்கி அன்றைக்கே மாட்டிக்கொண்டு போவார்கள். ஷூவின் அடித்தடிமன் மாறினாலே சீட் உயரத்தின் கணக்கு மாறிவிடும். வழக்கமாக ஓட்டும் ஷூ, வழக்கமான பேட் வைத்த ஷார்ட்ஸ் இவற்றோடு போங்கள். பேட் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடுகிற பழக்கம் இருந்தால் அதை இன்றே விடுங்கள்; சீட் உரசல் என்று புலம்புகிறவர்களில் பலருக்கு அந்தத் தையல்தான் காரணம்.

அப்புறம் சூத்திரங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபிட்டர் வைத்த சீட்டை வீட்டுக்கு வந்து சூத்திரத்தை நம்பி மாற்றுகிறவர்கள் உண்டு. காலின் உள்பக்க நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரையுள்ள உயரம் கிடைக்கும் என்பது ஒன்று. அதே நீளத்தில் 109 சதவீதத்தை, கீழே இறங்கிய பெடலிலிருந்து அளக்கச் சொல்வது இன்னொன்று. உள்பக்க நீளம் 88 செ.மீ., கிராங்க் 170 மி.மீ. என்று வைத்துப் பாருங்கள். முதல் கணக்கில் 77.7 செ.மீ. வருகிறது, இரண்டாவதில் கிராங்க் நீளத்தைக் கழித்தால் 78.9. ஒரே ஆளுக்கு 12 மி.மீ. வித்தியாசம்! முட்டிக்கு அது பெரிய தூரம். பாதத்தின் நீளம், குதிகாலை இறக்கி மிதிக்கிறாரா தூக்கி மிதிக்கிறாரா, தொடைப் பின்தசை எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. அதனால்தான் ஃபிட்டர் முட்டியின் கோணத்தைப் பார்க்கிறார். நிறுத்தி அளந்தால், பெடல் கீழே இருக்கும்போது முழுதாக நீட்டிய நிலையிலிருந்து 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருப்பதைப் பொதுவாக ஏற்கிறார்கள். கிராங்க் முன்னோக்கிக் கிடையாக இருக்கும்போது முட்டியிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பெடல் அச்சுக்கு நேராக விழுகிறதா என்று பார்ப்பதும் ஒரு தொடக்கப் புள்ளிதான்.

சீட் உயரம் கூடிவிட்டதா என்று தெரிய ஒரு எளிய வழி உண்டு. நீங்கள் மிதிக்கும்போது யாரையாவது நேர் பின்னாலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பெடல் அடிக்கு வரும் ஒவ்வொரு முறையும் இடுப்பு அந்தப் பக்கம் சாய்ந்து இறங்குகிறதா? ஷார்ட்ஸின் இடுப்புப் பட்டி இடம் வலமாக ஆடுவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கால் எட்டாததை இடுப்பு ஈடுகட்டுகிறது. கீழ்முதுகு வலிக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

சீட் வலித்தால் ஜெல் உறை வாங்கிப் போடுவது இன்னொரு தவறு. உடலின் எடையைத் தாங்க வேண்டியவை உட்காரும் இடத்தில் இருக்கும் இரண்டு எலும்புகள். சீட்டின் அகலம் அவற்றின் இடைவெளிக்குப் பொருந்த வேண்டும். மெத்தென்ற உறையில் எலும்பு அமிழ்ந்து, நடுவிலிருக்கும் மென்மையான பகுதிதான் அழுந்துகிறது. மரத்துப்போவது அதனால்தான். சிலர் அதற்குப் பயந்து சீட்டின் மூக்கை நன்றாகக் கீழே சாய்த்துவிடுவார்கள். உடம்பு முன்னால் வழுக்கும், கை தாங்கிப் பிடிக்கும், அடுத்த மாதம் மணிக்கட்டு வலி என்று வந்து நிற்பார்கள். வலிக்கிற இடம் ஒன்று, காரணம் இன்னொன்று என்பது சைக்கிளில் சர்வ சாதாரணம்.

பந்தய வீரர்களைப் போல ஹேண்டிலைத் தாழ்த்தித் தரும்படி கேட்காதீர்கள். முட்டியை மடக்காமல் குனிந்து உங்கள் கை எதுவரை போகிறதோ, அதை ஒட்டித்தான் ஹேண்டில் உயரம் அமைய வேண்டும். ஃபிரேமே அளவு தப்பென்றால், ஹேண்டிலைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மை மாற்றி ஓரளவுதான் சமாளிக்கலாம். புது சைக்கிள் வாங்கப் போகிறீர்கள் என்றால் வாங்குவதற்கு முன்பே ஃபிட்டரைப் பாருங்கள்.

முட்டி வீங்கியிருந்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், மரத்த விரல் பல மணி நேரம் கழித்தும் சரியாகாவிட்டால் முதலில் டாக்டர், பிறகுதான் ஃபிட்டர்.

ஃபிட்டிங் முடிந்த மறுநாளே 100 கி.மீ. கிளம்பாதீர்கள். புது நிலைக்குத் தசை பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை சின்னச் சின்ன ஓட்டம் போதும். ஏதாவது உறுத்தினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், 2 அல்லது 3 மி.மீ. மாற்றிப் பாருங்கள். சீட்டையும் கிளீட்டையும் ஒரே நாளில் தொட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஃபிட்டரிடமிருந்து கிளம்பும் முன் சீட் உயரம், சீட் மூக்கிலிருந்து ஹேண்டில் வரை உள்ள தூரம், இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள். போஸ்ட் மெல்ல வழுக்கி இறங்கினாலோ, சைக்கிளைக் கழற்றி மாட்ட வேண்டி வந்தாலோ பழைய இடம் அப்படியே தெரியும். பணம் கட்டும் முன்பே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ஒரு மாதம் கழித்து வந்தால் திருத்தித் தருவீர்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்று.