கனமான மரப் பலகையை வீட்டு அலுவலக மேசையாக நிறுத்துவது எப்படி?

நல்ல கெட்டியான மரப் பலகை கிடைத்ததும் பலருக்கும் முதலில் வரும் பயம் அதன் எடை பற்றியதுதான். சுவர் தாங்குமா, கால் தாங்குமா என்று யோசிப்பார்கள். முதலில் எடையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நீளம் 1800 மி.மீ., அகலம் 700 மி.மீ., தடிமன் 38 மி.மீ. உள்ள தேக்குப் பலகை என்று வைத்துக்கொள்வோம். தேக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 650 கிலோ இருக்கும். 1.8 × 0.7 × 0.038 × 650 என்று பெருக்கினால் சுமார் 31 கிலோ வரும். நான்கு மூலையில் தாங்கினால் மூலைக்கு 8 கிலோகூட இல்லை. இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

தொல்லை தருபவை வேறு இரண்டு: தாங்கல்களுக்கு இடையே விடும் இடைவெளி, முன் விளிம்பில் நாம் கையூன்றிச் சாய்வது.

ஏன் பிராக்கெட்டை மட்டும் நம்பக் கூடாது

சுவரில் இரண்டு பிராக்கெட் அடித்து மேலே பலகையை வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், காலும் இடிக்காது. ஆனால் முன் விளிம்பில் ஒருவர் 40 கிலோ அளவுக்கு ஊன்றிச் சாய்ந்தால் என்ன ஆகும்? பிராக்கெட்டின் உயரம் 350 மி.மீ. என்றால், 700 மி.மீ. தள்ளி விழும் அந்தப் பாரம், மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோ விசையோடு வெளியே இழுக்கும். ஆணி பிடுங்கும் கடப்பாரை வேலைதான் இது. இதோடு பலகையின் சொந்த எடை தரும் இழுப்பும் சேரும். நல்ல கான்கிரீட் சுவரில் தாங்கலாம். பழைய செங்கல், உள்ளே கூடான கல், ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை.

அதனால் முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பின் விளிம்பு சுவரில் பதித்த சட்டத்தின் மேல் உட்காரட்டும், முன் விளிம்பை இரண்டு கால்கள் தாங்கட்டும். எந்த ஸ்க்ரூவும் வெளியே இழுபடாது. பலகையைச் சுவர் பிடித்திருப்பதால் கால்கள் ஆடாது, குறுக்குச் சட்டமும் தேவைப்படாது.

1. இடைவெளியை முடிவு செய்யுங்கள்

முன்கால்களை ஓரத்திலிருந்து 200 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். 1800 பலகையில் நடு இடைவெளி 1400 ஆகக் குறையும். 38 மி.மீ. கெட்டி மரத்துக்கு இது போதும்.

மெல்லிய பலகை என்றால் கதை வேறு. மரம் வளைவது தடிமனின் முப்படிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) எதிர்விகிதத்தில் மாறும். 38-க்குப் பதில் 18 மி.மீ. பிளைவுட் போட்டால், வளைவு ஒன்பது மடங்கைத் தாண்டலாம். அப்படிப்பட்ட பலகைக்கு முன்பக்கம் அடியில் 40 × 40 மி.மீ. இரும்பு ஆங்கிளை நீளவாக்கில் ஓட்டியே ஆக வேண்டும். அதைவிட உயரமான சட்டம் வைத்தால் தொடை இடிக்கும்.

2. உயரம் குறியுங்கள்

மேசையின் மேல்மட்டம் பெரும்பாலும் 720 முதல் 750 மி.மீ. வரை இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை மடக்கி அளந்து உங்களுக்கானதை முடிவு செய்யுங்கள். 730 என்றால், பலகைத் தடிமன் 38 போக, சுவர்ச் சட்டத்தின் மேல் விளிம்பு 692-இல் வர வேண்டும். ஒரு புள்ளியில் மட்டும் தரையிலிருந்து அளந்துவிட்டு, மிச்சக் கோட்டை ரசமட்டம் வைத்துப் போடுங்கள். தரை எங்குமே சமமாக இருக்காது.

3. சுவர்ச் சட்டம்

இந்த வேலையில் அவசரப்படாதீர்கள். கோணல் இல்லாத 30 × 60 மி.மீ. கெட்டி மரச் சட்டம் எடுத்து, 60 பக்கம் செங்குத்தாக நிற்கும்படி வைத்து, 400 மி.மீ.-க்கு ஒரு ஸ்க்ரூ என்று திட்டமிடுங்கள். சுவிட்ச், பிளக் பாயிண்ட், குழாய் ஆகியவற்றுக்கு நேர் மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் துளை போட வேண்டாம். வயரும் குழாயும் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும்.

செங்கல் சுவர் என்றால் ஸ்க்ரூவின் நீளத்தை இப்படிக் கணக்கிடுங்கள்: சட்டம் 30, சிமெண்ட் பூச்சு 15, செங்கலுக்குள் குறைந்தது 50. மொத்தம் 95. ஆக, 100 மி.மீ. ஸ்க்ரூ வேண்டும். பூச்சு எதையும் பிடித்துக்கொள்ளாது, அதைப் பிடிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக்கும் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போய் உட்கார வேண்டும். செங்கல்களுக்கு நடுவே உள்ள சாந்து இணைப்பில் துளை விழுந்தால், கொஞ்சம் தள்ளி இன்னொன்று போடுங்கள். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுத்த பிறகே பிளக்கைத் தட்டுங்கள். தூள் தங்கினால் பிளக் முழுசாக இறங்காது.

ஜிப்சம் பலகைச் சுவரில் உள்ளே நிற்கும் சட்டங்களைத் தேடிப் பிடித்து அவற்றில்தான் முடுக்க வேண்டும். அவை பெரும்பாலும் 400 அல்லது 600 மி.மீ. இடைவெளியில் இருக்கும்.

இன்னொன்று. மானிட்டரைத் தாங்கும் கையை (மானிட்டர் ஆர்ம்) பின் விளிம்பில் கிளாம்ப் போட்டு மாட்டும் எண்ணம் இருந்தால், இந்தச் சட்டம் அதற்கு இடம் விடாது. அந்த இடத்தில் மட்டும் சட்டத்தை 150 மி.மீ. விட்டு வெட்டுங்கள், பலகையின் பின் விளிம்பிலும் கிளாம்ப் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு எடுங்கள். சட்டம் அடித்து முடித்த பிறகுதான் பலருக்கு இது நினைவு வரும்.

4. கால்கள்

மரமோ சதுரக் குழாயோ எதுவானாலும் சரி. மேலே தகடும் கீழே உயரம் திருகும் பாதமும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். முன் விளிம்பிலிருந்து 50 மி.மீ. உள்ளே வையுங்கள். டைல்ஸ் தரை என்றால் பாதத்துக்கு அடியில் ரப்பர் வட்டு போதும்.

5. தூக்கி வைத்தல்

பலகையைக் கவிழ்த்துப் போட்டு, கால்களை முதலிலேயே மாட்டிவிடுங்கள். துளை போடும்போது டிரில் பிட்டில் 25 மி.மீ. அளவில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். 38 மி.மீ. பலகைக்கு உள்ளே 28-க்கு மேல் ஸ்க்ரூ இறங்க வேண்டாம். மேலே மொட்டு விட்டால் மறைக்க வழியில்லை. அப்புறம் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி, பின் விளிம்பைச் சட்டத்தின் மேல் ஏற்றிவிட்டு முன்பக்கத்தை இறக்குங்கள். பாதத்தைத் திருகி ரசமட்டம் பாருங்கள்.

6. பலகையைப் பிடித்துவைத்தல்

கெட்டி மரம் ஈரக்காற்றில் விரியும், வறண்ட காற்றில் சுருங்கும். ரேகை ஓடும் நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. அகலவாக்கில் 700 மி.மீ.-க்குச் சில மி.மீ. கூடிக் குறையும். பின் சட்டம் ரேகையோடு ஓடுவதால், சின்ன எல் பட்டைகளால் அங்கே இறுக்கிவிடலாம். முன் விளிம்பு நகரும்போது கால்கள் கொஞ்சம் சாய்ந்து இடம் கொடுக்கும்.

மூன்று பக்கமும் சுவர் உள்ள இடத்தில் பக்கச் சட்டங்களும் போடுகிறீர்களா? அவை ரேகைக்குக் குறுக்கே ஓடும். அங்கே நீள்வட்டத் துளையிட்டு வாஷரோடு லேசாக முடுக்குங்கள். இறுக்கிப் பூட்டினால் ஏதாவது ஒரு பருவத்தில் பலகை பிளக்கும். பிளைவுட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

7. சோதனை

முன் விளிம்பின் நடுவில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்துங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே கோடு போல வாய் திறந்தால், அந்த ஸ்க்ரூ பிடிக்கவில்லை. கழற்றி வேறு இடத்தில் போடுங்கள். அடுத்து, முன் விளிம்பின் அடியில் இரு கால்களுக்கும் நடுவே நூலை இழுத்துக் கட்டி, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று எழுதி வையுங்கள். மரம் தொடர்ந்து பாரம் சுமந்தால் மெதுவாக மேலும் தொய்யும். ஒரு மாதம் கழித்து அதே நூலை வைத்துப் பாருங்கள். 3 மி.மீ.-க்கு மேல் தொய்ந்திருந்தால், முன்பு சொன்ன இரும்பு ஆங்கிளை அப்போது வாங்கி அடியில் மாட்டினால் போதும். மேசையைக் கழற்ற வேண்டியதில்லை.